பெட்டியில் அக்கா தேடியது

பிரபு,

இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, அதற்குப் பிறகு எனக்குப் போன் செய். செய்யாமல் இருந்தாலும் சரி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இப்போதெல்லாம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. நான் நிறுத்துகிற அந்த இடத்தில் நீ "பரவால்லப்பா, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் போன வாரமே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

போன மாதம் சந்தவாசலுக்குப் பெண் பார்க்கப் போனோமே, அங்கிருந்து தொடங்குகிறேன். நித்யா காபி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. நாம் கிளம்புகிற நேரத்தில், "ஒரு விஷயம் சொல்லணுங்க" என்று அந்தப் பெண் கைப்பையைத் திறந்து, வாயில் வைத்து மருந்து இழுக்கிற நீல நிறப் பம்பை எடுத்துக் காட்டியது. "எனக்குச் சின்ன வயசுலேர்ந்து ஆஸ்துமா இருக்கு. தெனம் ரெண்டு வேளை வேற ஒரு பம்ப் எடுத்துகினு இருக்கேன். இது அவசரத்துக்கு. ஸ்கூல்ல கணக்கு எடுக்கறேன், எல்லா மாடியும் ஏறுவேன், ஒரு தொந்தரவும் இல்ல. பின்னாடி தெரிஞ்சி ஒங்களுக்கும் பேஜார், எனக்கும் பேஜார். அதான் சொல்லிட்டேன்." அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெண் குனியவில்லை.

திரும்பி வரும்போது காரில் நீ சொன்னாய்: "நல்ல பொண்ணுதான்பா. ஆனா வேணாம். நம்ம வீட்ல அக்காவ அந்த வியாதி கொண்டுகினு போனது போதும்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்றாள். ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று நீதான் யோசனை சொன்னாய். நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், நீ வேண்டாம் என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொரு பெண்ணின் பம்ப் நம் வீட்டு அலமாரியில் தினமும் என் கண்ணெதிரே இருக்காது என்கிற நிம்மதி. உன் அப்பா எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ள உனக்கு அந்த ஒன்று போதும்.

வாணியை வியாதி கொண்டுபோகவில்லை பிரபு. அவள் புருஷனும் மாமியாரும் அவளுடைய மருந்தைத் தூக்கி எறிந்ததால் செத்தாள் என்று பதினோரு வருஷமாக நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அதுவும் பொய். அந்தப் பொய்யை முதலில் சொன்னவன் நான்.

உன் அக்காவுக்கு ஆறு வயதில் இளைப்பு ஆரம்பித்தது. நீ கைக்குழந்தை. அப்போது நம் சாயப்பட்டறையில் முழுக்க விறகு அடுப்புதான். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்து, பசை போக அலசி, அதற்குப் பிறகு சாயத்தில் முக்க வேண்டும். காலையில் மூட்டினால் சாயங்காலம் வரை நாலு அடுப்பு எரியும். ஈர விறகாக இருந்தால் பட்டறைக்குள் ஆள் முகம் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராக அங்கே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். போதாததற்கு என் சிகரெட். பட்டறையில் குடிப்பேன், வீட்டில் குடிப்பேன், அவள் படுத்திருக்கிற அறையிலேயே ஜன்னலோரம் நின்று குடிப்பேன். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம். இருட்டியதும் அவள் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். பனி என்பேன். தயிர் சாப்பிட்டாள், அதனால்தான் என்பேன். பக்கத்து வீட்டு நாயின் முடி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

வேலூரில் ஒரு டாக்டரம்மா பார்த்தார்கள். இரண்டு பம்ப் எழுதிக் கொடுத்தார்கள், ஒன்று பழுப்பு, ஒன்று நீலம். "அய்யா, இதுக்கு மூச்சுக்குழாய் உள்பக்கம் எப்பவும் வீங்கிகினு இருக்கு. இளைப்பு இல்லாத நாள்லயும் அந்த வீக்கம் இருக்கும். பழுப்பு அந்த வீக்கத்த வத்த வைக்கறது. நல்லா இருந்தாலும் தெனம் போடணும், போட்டுட்டு வாய் கொப்புளிக்கணும். நீலம், இறுகிப்போன குழாய அந்த நேரத்துக்குத் தளர்த்திவிடறது, அவ்ளோதான். நீலத்த வாரத்துல ரெண்டு மூணு தடவைக்கு மேல கேட்டாலோ, ராத்திரில இளைப்பால முழிச்சிக்கினாலோ, உள்ள வீக்கம் அடங்கலன்னு அர்த்தம். ஒடனே கூட்டிகினு வாங்க." ஒரு சொல் விடாமல் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கே புரிந்தும் இருந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

பழுப்பு பம்பை இரண்டு மாதம் கொடுத்தோம். அவள் ஓடினாள், கயிறு தாண்டினாள், விசில் நின்றுபோனது. "நல்லாயிட்டாளே, எதுக்குத் தெனம் மருந்து, பழக்கமாயிடும்" என்று நிறுத்தினேன். அவள் நன்றாக இருந்ததே அந்த மருந்தால்தான் என்பது என் புத்திக்கு ஏறவில்லை. ஏற விடவில்லை என்பதுதான் சரி. பெண் குழந்தை வாயில் பம்ப் வைத்துக்கொண்டிருப்பதை நாலு பேர் பார்க்கிறார்களே என்பதுதான் எனக்கு நோயைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. அதன் பிறகு பதினேழு வருஷம் அவள் நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். கல்லூரிக்குப் போகும்போது துப்பட்டா முனையில் சுற்றிப் பிடித்திருப்பாள். கல்யாண வீடுகளில் குளியலறைக்குப் போய் எடுத்துக்கொள்வாள். அதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

வரன் பார்க்க ஆரம்பித்தபோது இரண்டு வீட்டில் நாம் விஷயத்தைச் சொன்னோம், இரண்டும் நின்றுபோனது. மூன்றாவதாகத் தேவிகாபுரத்து ரவி வீடு வந்தபோது சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தேன். அம்மா கெஞ்சினாள். "மாப்பிள்ளை கிட்டயாவது சொல்லிடலாங்க. ஒண்ணுன்னா வண்டி எடுத்துகினு ஓடப் போறவரு அவருதானே." நான் கத்தினேன். பிறகு அவள் வாயை மூடுவதற்காக, "தனியா கூப்ட்டுச் சொல்லிட்டேன், அவரு ஒத்துக்கினாரு" என்றேன். சொல்லவில்லை. ரவிக்கு ஒரு வார்த்தை தெரியாது. அம்மா பதினோரு வருஷம் அந்தப் பொய்யை நம்பி, விஷயம் தெரிந்தும் தன் மகளைச் சாகவிட்டான் என்று அந்தப் பையனைச் சபித்துக்கொண்டிருந்தாள்.

மகளை அனுப்புகிற அன்று காலை, அவளுடைய பெட்டியை நான் திறந்து பார்த்தேன். அரக்குப் பட்டுச் சேலை மடிப்புக்குள் நீலப் பம்ப் இருந்தது. மாமியார் வீட்டில் பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது யார் கையிலாவது பட்டால் என்ன ஆகும் என்று பயம். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இளைப்பு மாத்திரை இரண்டு அட்டை வைத்தேன். மாத்திரை என்றால் தலைவலிக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. பம்பைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சாய டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் அவள் போன் செய்தாள். "அப்பா, பம்ப் காணோம்ப்பா."

"நான்தான் எடுத்தேன். மாத்திரை வச்சிருக்கேன் பாரு. ஒரு வருஷம் தாக்குப் பிடிம்மா. ஒரு கொழந்த பொறந்துட்டா அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"சரிப்பா" என்றாள்.

அவளே கடையில் ஒன்று வாங்கிக்கொண்டிருக்கலாமே என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். படித்த பெண்தானே, மருந்துக் கடைக்கு வழி தெரியாதா என்று. செத்துப்போனவள் மேல் பழியைப் போட்டால் திருப்பிப் பேச மாட்டாள் அல்லவா. வாயில் பம்ப் வைப்பது வெட்கக்கேடு என்று ஆறு வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவள் நல்ல மாணவி. படித்ததை மறக்கவில்லை.

ஆடிக்கு வந்திருந்தபோது பட்டறைக்கு வந்தாள். நாலு படி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, ராத்திரில முழிச்சிக்கினே இருக்கேன். பக்கத்துல அவரு தூங்கறாரு, எழுப்பக் கூடாதுன்னு வாயப் பொத்திகினு இருமறேன்" என்றாள். இரவில் முழித்துக்கொண்டால் உடனே கூட்டி வாருங்கள் என்று அந்த டாக்டரம்மா சொன்னது அந்த நிமிஷமே என் காதில் கேட்டது. பம்ப் அந்தச் சாய டப்பாக்களுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா" என்றேன்.

போகி அன்று காலை, தேவிகாபுரத்தில். ஊரே பழைய பாயும் டயரும் கொளுத்துகிற நேரம், பனியும் புகையும் தரையோடு படிந்திருக்கும். கோலம் போட வாசலுக்கு வந்தவள் பாதிக் கோலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ரவி தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் படுக்க வைத்தான். குளிருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கம்பளி போர்த்தி, நெஞ்சில் தைலம் தேய்த்தான். மூச்சு முட்டுகிறவர்களைப் படுக்க வைக்கவே கூடாது, நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை. அவளால் பேச முடியவில்லை. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் போனாலே, உதடு நீலம் பாரித்தாலே, அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அவன் கிளம்பும்போது நேரமாகிவிட்டது. ஆரணிக்கு ஆட்டோவில் வரும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நாம் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது ரவி சட்டை பொத்தான்கூடப் போடாமல் நடையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, அவ பெட்டியவே காட்டினா மாமா. நான் பெட்டிய கவுத்துக் கொட்டினேன். சேலையெல்லாம் ஒதறினேன். அதுல என்ன மாமா தேடினா? எனக்குத் தெரியலயே மாமா."

எனக்குத் தெரியும். மாத்திரை அட்டை அவன் காலடியில் விழுந்திருக்கும், அதை அவள் தேடவில்லை. நான் எடுத்துவிட்டேன் என்று தெரிந்தும், உயிர் போகிற நேரத்தில் ஒருவேளை இருக்குமோ என்று தேடியிருக்கிறாள். என்னைச் சுற்றி நம் தெரு ஆட்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "மருந்து கொடுத்துதானடா அனுப்பினேன்! அத என்னடா பண்ணீங்க? எங்கடா தூக்கிப் போட்டீங்க?" என்று கத்தினேன். அப்போதுதான் நீ முன்னால் வந்து அவனை அறைந்தாய். உனக்குப் பதினெட்டு வயது. இரண்டாவது தடவை அறைந்தாய். அவன் கையைத் தூக்கவில்லை. நான் உன்னைத் தடுக்கவில்லை. பிறகு பிள்ளையார் கோயில் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கூடியபோதும் அதையே சொன்னேன். ரவியின் அம்மா, "அப்படி ஒண்ணு இருந்துதுன்னே எங்களுக்குத் தெரியாதுங்க" என்று அழுதபோது, நடிக்கிறாள் என்று சொன்னவனும் நான்தான். மறுநாள் பட்டறைக்குப் போய் அந்தப் பம்பை எடுத்து ஆற்றில் வீசினேன்.

இதைப் பிழை என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். பயத்தில் செய்தது என்று எழுதினேன், அதையும் அடித்தேன். பம்பை எடுத்தது வேண்டுமானால் பயம். பழியைப் போட்டது பயமில்லை. அது நன்றாகத் தெரிந்து செய்தது.

இனி என் நோய். இருபது வருஷமாகக் காலையில் எனக்குச் சளியோடு இருமல் வரும். சிகரெட் குடிப்பவனுக்கு அது சகஜம் என்று விட்டுவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பட்டறைப் படி ஏறமுடியாமல், வாணி பிடித்து நின்ற அதே சுவரைப் பிடித்து நின்றேன். வேலூரில் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். சி.ஓ.பி.டி., நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். இளம் டாக்டர், பொறுமையாகச் சொன்னார். "ஆஸ்துமான்னா குழாய் சுருங்கும், மருந்து போட்டா பழையபடி விரியும். ஒங்களுக்குப் பொகையால குழாயும் அரிச்சிடுச்சி, நுரையீரலும் அரிச்சிடுச்சி. போனது போனதுதான் அய்யா. இருக்கறத வேணா காப்பாத்திக்கலாம். சிகரெட்ட இன்னிக்கே விடணும். வெறகுப் பொகைக்குக் கிட்ட போகக் கூடாது. தெனம் நடக்கணும், மூச்சு வாங்குதேன்னு உக்காந்துட்டா இன்னும் மோசமாயிடும். சளி மஞ்சளாவோ பச்சையாவோ மாறுச்சின்னா காத்திருக்காம வாங்க." குளிர்காலத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ளத் தடுப்பூசி எழுதிக் கொடுத்தார். கடைசியாக என் கையில் ஒரு நீலப் பம்பை வைத்தார். "வீட்ல வேற யாருக்காவது இளைப்பு உண்டா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். என் மகளை அங்கேயும் ஒருமுறை மறைத்தேன்.

சிகரெட்டை அன்றே விட்டேன். உயிர் மேல் எனக்கு இருந்த ஆசையைப் பார். அவளுக்காக ஒரு நாள் விட முடியாததை எனக்காக ஒரே நாளில் விட்டேன்.

பத்து நாளுக்கு முன்னால், ஜாதகப் பொய்யைச் சொல்வதற்காகச் சந்தவாசலுக்குப் பஸ் ஏறினேன். நிறுத்தத்திலிருந்து அவர்கள் வீடு வரைக்கும் நடந்ததிலேயே மூச்சு அடைத்துவிட்டது. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை, நித்யா வீட்டில் இருந்தது. ஓடிவந்து நாற்காலி போட்டது. "படுக்காதீங்க அய்யா. முன்னாடி சாய்ஞ்சி, கைய முட்டி மேல ஊனிக்குங்க. மூக்கால இழுத்து, வெளக்க ஊதி அணைக்கற மாதிரி ஒதட்டக் குவிச்சி மெதுவா விடுங்க" என்றது. நான் பம்பை எடுத்து வாயில் வைத்து அமுக்கினேன். அது என் கையைப் பிடித்துத் தடுத்தது.

"யாருங்க ஒங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது? மருந்தெல்லாம் நாக்குலயே ஒட்டிகினு போவுது. முதல்ல மூச்ச முழுசா வெளிய விடுங்க. இப்ப மெதுவா இழுக்க ஆரம்பிங்க, இழுத்துகினே அமுக்குங்க. அப்படியே மனசுக்குள்ள பத்து எண்ணுங்க." உள்ளே போய்த் தன்னுடைய ஸ்பேசரைக் கழுவிக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் குடுவை மாதிரி இருக்குமே, பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைப்பது. "இது இருந்தா நேரம் பாத்து அமுக்கத் தேவையில்ல. ஒரு தடவ அமுக்கி, நிதானமா நாலஞ்சி மூச்சு இழுங்க. அடுத்தது அப்புறம்." மூன்று வருஷத்தில் முதல்முறையாக மருந்து என் நெஞ்சுக்குள் போனது. கால்மணி நேரத்தில் என்னால் பேச முடிந்தது. பேச்சு வந்தபோது ஜாதகம் வரவில்லை. இப்போது உனக்கு எழுதியதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவளுடைய அப்பா பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அது கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் வேணாம்னா காரணத்தச் சொல்லியே வேணாம்னு சொல்லுங்க அய்யா, நான் தாங்கிக்குவேன். ஜாதகத்து மேல போடாதீங்க" என்றது. ஸ்பேசரை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "தேவிகாபுரத்துக்காரங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டது.

"தெரியாதும்மா."

"அப்ப நீங்க தப்பான வீட்டுக்கு வந்து சொல்லிகினு இருக்கீங்க." கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் கணக்கில் தப்பைக் காட்டுவது போலச் சொன்னது.

வியாழக்கிழமை தேவிகாபுரம் போனேன். ரவி வீட்டில் இப்போது விசைத்தறி. நான் உள்ளே போனதும் அவன் தறியை நிறுத்தினான். அவனுக்கு முன்தலை நரைத்துவிட்டது. பெண்டாட்டியைக் கொன்றவன் என்று பேர் வாங்கியவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கொடுக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். அவன் அம்மா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்று கேட்டாள். சொல்லி முடித்ததும் ரவி ஒன்று கேட்டான். "பெட்டில என்ன தேடினான்னு நான் கேட்டப்பவே ஒங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்."

அவன் தறியோரம் கிடந்த கட்டையில் உட்கார்ந்தான். "பதினோரு வருஷமா கனவுல அந்தப் பெட்டியக் கொட்டிகினு இருக்கேன் மாமா. இந்த மடிப்புல பாக்காம வுட்டுட்டேனோ, அந்த மடிப்புல பாக்காம வுட்டுட்டேனோன்னு." எழுந்தான். தறியைப் போட்டான். அந்தச் சத்தத்துக்கு மேல் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

என்னை எப்போதும் "வாங்க, போங்க" என்று மரியாதையாகப் பேசுகிற அவன் அம்மா வாசல் வரைக்கும் கூட வந்து சொன்னாள். "நீ சொல்லிட்ட. ஒன் நெஞ்சுல இருந்தது எறங்கிடுச்சி. எம் புள்ளைக்கு எறங்குமா? நாலு சுவத்துக்குள்ள வந்து அழுதுட்டுப் போனா ஆச்சா? எந்த எடத்துல நின்னு எங்கள அசிங்கப்படுத்தினியோ, அந்த எடத்துல நின்னு சொல்லு. அன்னிக்கு யார் யார் கேட்டாங்களோ, அவங்க கேக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பிள்ளையார் கோயில் முன்னால். அன்றைக்கு இருந்த பெரியவர்களில் உயிரோடு இருக்கிற எல்லோர் வீட்டுக்கும் நானே நடந்து போய்ச் சொல்லிவிட்டேன். ரவியும் அவன் அம்மாவும் வருகிறார்கள். தெரு கேட்பதற்கு முன்னால் நீ என்னிடமிருந்து கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இந்த அவசரம்.

நித்யாவைக் கட்டிக்கொள் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தகுதி எனக்கு இல்லை. இதையெல்லாம் கேட்ட பிறகு அந்தப் பெண்ணே நம் வீட்டை வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னால் அது நியாயம். ஆனால் அக்காவைக் காரணம் காட்டி நீ அவளை வேண்டாம் என்று சொல்லாதே. தினமும் இரண்டு வேளை மருந்து போட்டுக்கொண்டு, வாய் கொப்புளித்துவிட்டு, நாலு மாடி ஏறிப் பாடம் நடத்துகிறவள் அவள். அந்த வியாதியோடு ஒரு பெண் எப்படி வாழ்வாள் என்று வாணியை வைத்து நீ கணக்குப் போட்டுவிட்டாய். வாணிக்கு அப்படி வாழ ஒரு வாய்ப்பும் கொடுக்கப்படவில்லை. நீ யாரைக் கட்டினாலும், நாளைக்கு உனக்குப் பிறக்கிற குழந்தைக்கு நெஞ்சில் விசில் கேட்டால், பனி என்று சொல்லாதே, தயிர் என்று சொல்லாதே. டாக்டரிடம் போ. பழுப்பு பம்பை நிறுத்துவதா குறைப்பதா என்பதை டாக்டர் சொல்லட்டும். தீப்பெட்டியும் சிகரெட்டும் உன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. நீலப் பம்ப் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கட்டும், பள்ளிக்கூட டீச்சருக்கும் பக்கத்து வீட்டுக்கும் அதை எப்படிப் போடுவது என்று தெரிந்திருக்கட்டும். மூச்சு முட்டினால் நிமிர்த்தி உட்கார வை, ஸ்பேசரில் ஒவ்வொரு தடவையாக அமுக்கிக் கொடு. கேட்கவில்லை என்றாலோ, பேச்சு துண்டு துண்டாக வந்தாலோ, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும் வரைக்கும் கொடுத்துக்கொண்டே இரு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியதையெல்லாம் நான் செய்து முடித்துவிட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. மன்னிக்க வேண்டியவள் போய்விட்டாள், மற்றவர்கள் மன்னித்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதான். வருவதும் வராததும் உன் இஷ்டம். அவ்வளவு பேர் முன்னால் நான் பேசும்போது நடுவில் மூச்சு வாங்கும், நாற்காலி போட யாராவது வருவார்கள், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். வந்தால், எனக்குத் துணையாக என் பக்கத்தில் வந்து நிற்காதே பிரபு. அன்றைக்கு நீ அறைந்தாயே, அவன் பக்கத்தில் போய் நில்.

அப்பா